சத்ரியாவுக்குப் பாகம் கிடைக்கும், பத்திரம் கிடைக்குமா?

2025 அக்டோபர் 10-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அதிகம் பேசப்படாத அறிவிப்பு ஒன்று இருந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தை அழிப்பதற்கு ஒப்படைத்துவிட்டுப் புதிய தேசிய கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை கிடைக்கும் என்பதே அது. பெட்ரோல் மானியம், சம்பளம், ரொக்க உதவி என்ற பேச்சுகளுக்கிடையே இது ஓரமாகப் போய்விட்டது.

ஆனால், கெடாவில் இதை உற்றுக் கவனிக்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரங்களில் தாமான் வீடுகளின் ஓரத்திலும் பட்டறைகளின் பின்புறத்திலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய கார்கள் ஏராளம். அவற்றில் சில வெறும் பழைய கார்கள் அல்ல. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு பாகமாகத் தேடி, மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள். அந்த வரிசையில் முதலிடம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐக்கு. அந்தக் காரின் உற்பத்தி 2005 வாக்கில் நின்றது. அப்படியானால், நாட்டில் இன்று மிச்சமிருக்கும் சத்ரியா ஜிடிஐ கார்கள் ஏறக்குறைய அனைத்தும் அந்த 20 ஆண்டு எல்லையைத் தாண்டிவிட்டன.

அழிப்பதற்குக் கொடுப்பதா, உயிர் கொடுப்பதா என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழும். பாகம் கிடைக்குமா என்பதே பெரிய கவலை என்று பலரும் நினைக்கிறார்கள். பாகம் பெரும்பாலும் கிடைத்துவிடும். காரையும், அதில் போட்ட பணத்தையும், அதைச் சீர்செய்யும் பட்டறைக்காரரின் பிழைப்பையும் காப்பாற்றப் போவது காகிதம். அந்தக் காகிதத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

நமக்குப் பழக்கமான பெயர்கள்

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தபோது அதன் உடலும் என்ஜினும் ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. 1993-இல் வீரா, அடுத்த ஆண்டு சத்ரியா, பிறகு இரண்டு கதவு புத்ரா என்று வந்த கார்களும் மிட்சுபிஷி அடித்தளத்தில் உருவானவையே. வீரன், சத்திரியன், புத்திரன் என்று தமிழ்க் காதுக்கு அந்நியமில்லாத பெயர்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் முதல் கார் என்பது ஒரு சாகாவாகவோ வீராவாகவோதான் இருந்தது.

1996-இல் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் பலன் சத்ரியா ஜிடிஐயில் தெரிந்தது. சின்ன மூன்று கதவு உடல், அதில் 1,834 சிசி கொள்ளளவுள்ள, இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட மிட்சுபிஷி 4ஜி93 என்ஜின், ஏறத்தாழ 138 குதிரைத்திறன், லோட்டஸ் பொறியாளர்கள் சீரமைத்த சஸ்பென்ஷன், ரெக்காரோ இருக்கைகள். வளைவில் நிலை தடுமாறாமல் திரும்பும் அந்தக் காரை இன்றும் சிலாகிக்கிறார்கள்.

கெடாவுக்கும் வாகனத்துக்கும் உள்ள உறவு வெறும் ரசனையோடு நிற்பதில்லை. 1996-இல் மோடனாஸ் கிரிஸ் மோட்டார் சைக்கிள் குருன் ஆலையிலிருந்து வெளிவந்தது. அதே குருனில் நாசா குழுமத்தின் கார் ஆலை எழுந்தது. கியா, பியூஜோ கார்கள் அங்கே பூட்டப்பட்டன. கூலிமில் இருக்கும் இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூ, மஸ்டா, ஹூண்டாய் கார்கள் உருவாகின. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே கார் முதன்முதலாக 2022-இல் பூட்டப்பட்டதும் கூலிமில்தான். ரப்பர் மரம் சீவிய கைகளின் அடுத்த தலைமுறை ஆலையிலும் பட்டறையிலும் ஸ்பேனர் பிடித்தது இப்படித்தான்.

பாகம் எங்கிருந்து வருகிறது?

பழைய சத்ரியாவுக்குப் பாகம் தேடுபவருக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வழக்கமான ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கேஸ்கெட், வடிகட்டிகள், பிரேக் பாகங்கள் போன்றவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. மிட்சுபிஷியின் 4ஜி9 குடும்ப என்ஜின்கள் பல கார்களில் பயன்பட்டதால் வந்த நன்மை இது. காரின் விற்பனைப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட என்ஜின் எண்ணையும் பாகத்தின் எண்ணையும் சொல்லிக் கேட்பவருக்கே சரியான பொருள் கிடைக்கும்.

இரண்டாவது, நாம் 'போத்தோங் கடை' என்று சொல்லும் பழைய வாகனம் கழற்றும் கடை. விபத்தில் சிக்கிய அல்லது கைவிடப்பட்ட சத்ரியா, வீரா கார்களிலிருந்து கதவு, கண்ணாடி, விளக்கு, சுவிட்சு போன்றவை இங்கே கிடைக்கும்.

மூன்றாவது, ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்'. காரின் முன்பாதியை அப்படியே வெட்டி, என்ஜின், கியர் பெட்டி, மின்கம்பித் தொகுதி, கணினிப் பெட்டி அனைத்தும் ஒன்றாக இருக்கும்படி கொண்டு வருகிறார்கள். முழுக் காராக இறக்குமதி செய்தால் ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதியும் கடுமையான வரிகளும் குறுக்கே நிற்கும். கார்களுக்கான கலால் வரி மட்டுமே 60 முதல் 105 விழுக்காடு வரை. வெட்டி வந்தால் அது வாகனம் ஆகாது, பழைய உதிரிபாகம்தான். ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. காருக்கு வயது ஏற ஏறச் செலவும் ஏறுவதால் அங்குள்ளவர்கள் காரைச் சீக்கிரம் கைமாற்றுகிறார்கள். நம்மைப்போல் அவர்களும் இடப்பக்கச் சாலையில் ஓட்டுகிறவர்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் அந்தப் பாகங்கள் நமக்கு அப்படியே பொருந்துகின்றன. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரின் தொடக்க மாடல்களும் வீராவும் ஒரே குடும்பத்து உடலைக் கொண்டவை என்பது நம் பட்டறைகளுக்கு மனப்பாடம்.

நான்காவது, எல்லைக்கு அப்பால். புக்கிட் காயூ ஈத்தாமைக் கடந்தால் டானோக், சாடாவ், ஹாட்யாய். தாய்லாந்திலும் வலப்பக்க ஸ்டீயரிங்தான். பாக வணிகமும் பெரிது. வாங்கி வருவதைச் சுங்கத்துறையிடம் அறிவித்து, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, இணையம். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 400 ரிங்கிட் மதிப்புள்ள சென்சாருக்கு 40 ரிங்கிட் கூடுதல். அஞ்சல் செலவையும் சேர்த்துப் பார்த்தால், சுங்கை பட்டாணிக் கடையில் தவுக்கே சொன்ன விலையே மேல் என்று தோன்றும் சமயங்களும் உண்டு.

கிடைக்காதவையும் கூடாதவையும்

எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஜிடிஐக்கு மட்டுமே உரிய பம்பர், சக்கர வளைவு விரிப்புகள், இருக்கைத் துணி, உட்புற அலங்காரப் பாகங்கள் ஆகியவை அரிது. ஃபைபர் கண்ணாடியில் வார்த்த நகல்கள் சந்தையில் உண்டு. பொருந்துவதும் பொருந்தாததும் வார்த்தவர் கையைப் பொறுத்தது.

பழைய காரை அதிகம் தின்பது ஓட்டம் அல்ல, நிறுத்தம். ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் முதலில் சாவது ரப்பர். என்ஜின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ், கதவு ஓரப் பட்டை, ரேடியேட்டர் குழாய் எல்லாம் வெடித்துக் காய்ந்துவிடும். தொடர்ந்து அதிர்வைத் தாங்கும் தன்மை இருப்பதால் என்ஜின் மவுண்டிங்குகளில் இன்றும் இயற்கை ரப்பர் பயன்படுகிறது. நம் பாட்டன் பாட்டி சீவிய பாலின் அருமை கார்க்காரருக்கு அப்போதுதான் தெரிகிறது. அடுத்தது துரு. கெடாவின் மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் கீழ் ஓரம், தரைத் தகடு, பின் சக்கர வளைவு ஆகிய மூன்று இடங்களையும் பார்க்காமல் பழைய கார் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு பிடிப்பது போல.

சில பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது. பிரேக் பேட், பிரேக் குழாய், டயர், டைமிங் பெல்ட், ஸ்டீயரிங் மூட்டுகள் இந்தப் பட்டியலில் வரும். டைமிங் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி என்ஜினே பாழாகலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சாயம் பூசியவர் பெல்ட்டில் மிச்சம் பிடிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுதான்.

அரிய பாகங்களுக்கு வெளிநாடுகளில் ஒரு வழி பிறந்திருக்கிறது. நிசான் 2017-இல் தன் பழைய ஸ்கைலைன் ஜிடிஆர் ஆர்32 காருக்கு உற்பத்தி நின்றுபோன பாகங்களை மறுபடியும் விற்கத் தொடங்கியது. மஸ்டா தன் முதல் தலைமுறை எம்எக்ஸ்5 காரைத் தானே எடுத்துப் புதுப்பித்துத் தருகிறது. டொயோட்டாவும் 2020-இல் பழைய சூப்ரா, 2000ஜிடி கார்களுக்குப் பாகம் செய்யத் தொடங்கியது. சாகா பிறந்து 40 ஆண்டுகளைக் கடந்துவிட்ட நாட்டில், தேசியக் கார் நிறுவனம் சத்ரியாவுக்கும் புத்ராவுக்கும் சில பாகங்களையாவது மறுபடியும் வார்த்துத் தரக் கூடாதா? பாகம் வார்க்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் அதனால் வேலை கிடைக்கும்.

70 ரிங்கிட்டும் 297 ரிங்கிட்டும்

இனி காகிதத்துக்கு வருவோம். ஓர் உதாரணம் போதும்.

சுங்கை பட்டாணியில் ஓர் இளைஞர் சாதாரண 1.3 லிட்டர் சத்ரியா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அசல் ஜிடிஐ விலை எட்டாததால், போத்தோங் கடையில் 1.8 லிட்டர் 4ஜி93 என்ஜின் வாங்கி மாற்றுகிறார். ஜிடிஐ பம்பர் மாட்டுகிறார். பார்வைக்கு ஜிடிஐ, ஓட்டத்திலும் ஜிடிஐ. கிரானில் மட்டும் 1.3.

தீபகற்பத்தில் 1,299 சிசி காருக்கு ஆண்டு சாலை வரி 70 ரிங்கிட். 1,834 சிசி காருக்கு முதல் 1,800 சிசிக்கு 280 ரிங்கிட், மிச்சமுள்ள 34 சிசிக்கு ஒவ்வொன்றுக்கும் 50 சென் என 17 ரிங்கிட், ஆக 297 ரிங்கிட். வித்தியாசம் ஆண்டுக்கு 227 ரிங்கிட். இந்தத் தொகையை மிச்சப்படுத்தவும், சோதனைக்கும் அலுவலகத்துக்கும் அலைவதைத் தவிர்க்கவும்தான் பலர் என்ஜின் மாற்றியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

விளைவு என்ன? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, என்ஜின் மாற்றம் போன்ற பெரிய மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதனை முடித்து, புதிய என்ஜின் எண்ணும் கொள்ளளவும் கிரானில் ஏற வேண்டும். அது நடக்காத கார் சாலைத் தடுப்பில் சிக்கினால் அபராதத்தோடு முடிவதில்லை; வாகனமே பறிமுதல் ஆகலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம், தன்னிடம் சொல்லப்படாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். காரை விற்க நினைத்தாலும் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் எண் பொருந்தாமல் நிற்கும். 227 ரிங்கிட்டை மிச்சம் பிடித்தவர், பல ஆயிரம் ரிங்கிட் உழைப்பைப் பணயம் வைத்திருக்கிறார்.

சோதனைக்கு ஒரே இடம், நீண்ட வரிசை என்ற குறை முன்பு இருந்தது உண்மை. புஸ்பாகோமின் தனியுரிமை 2024 ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டுள்ளது. வரிசையைக் காரணம் காட்டுவது இனி எளிதல்ல.

இதைவிட ஆபத்தானது பாகத்தின் பிறப்பு. திருட்டு வாகனப் புள்ளிவிவரங்களில் வீரா பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்தது. திருடப்பட்ட கார் முழுதாக எங்கேயும் போவதில்லை. கதவாக, என்ஜினாக, கியர் பெட்டியாகப் பிரிந்து விற்பனைக்கு வருகிறது. சேசி எண்ணை வெட்டி வேறு காரில் ஒட்டும் 'பிணைப்பு' வேலையும் நடக்கிறது. அப்படிப்பட்ட என்ஜின் ஒரு பட்டறையில் பிடிபட்டால், விற்றவர் தப்பித்துவிடுவார். மாட்டிய போமனும் வாங்கிய பையனும் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டும். ஹாஃப் கட் என்ஜினை விற்கும் கடையிடம் ரசீதும் இறக்குமதிப் பத்திரத்தின் நகலும் கேட்டு வாங்குவது அவமரியாதை அல்ல. கொடுக்க மறுக்கும் கடையில் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த என்ஜின் நமக்கு வேண்டாம்.

லங்காவி என்னும் குறுக்கு வழி

கெடாவிலேயே இருக்கும் லங்காவி 1987 முதல் வரி விலக்குத் தீவு. அங்கே மலிவாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கரைக்குக் கொண்டு வந்துவிடலாம் என்ற பேச்சு காப்பிக் கடைகளில் அடிக்கடி எழும். அங்கே பதிவான வாகனத்துக்குக் 'கேவி' எண் பலகை. அதைத் தீபகற்பத்துக்குக் கொண்டு வருவது தற்காலிக அனுமதியில் மட்டுமே. ஒருமுறைக்கு 30 நாள், ஆண்டுக்கு மொத்தம் 90 நாள். வரி கட்டாமல் இங்கேயே வைத்து ஓட்டினால் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். 2026 ஜனவரி முதல், 3 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சொகுசு கார்களுக்கு அந்தத் தீவிலும் வரி விலக்கு இல்லை. அரசாங்கம் இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டே வருகிறது என்பது தெளிவு.

அழிப்புத் திட்டம்: 2009 முதல் இன்று வரை

பழைய கார்களை அப்புறப்படுத்தும் முயற்சி புதிதல்ல. 2009 மார்ச்சில் அரசாங்கம், குறைந்தது 10 ஆண்டு பழைய காரைக் கொடுத்துப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்ற விதி இருந்தது. மக்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பால் அது விரைவிலேயே கைவிடப்பட்டது. பழைய உதிரிபாக இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்ற அறிவிப்பும் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. 2024-இல் ஜேபிஜே, பழைய வாகனத்தை அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஒப்படைத்துப் பதிவை நீக்கும் வழியைத் திறந்தது. அதுவும் உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே. இப்போது வந்திருப்பது 4,000 ரிங்கிட் ஊக்கம்.

கட்டாயம் என்றால் ஏழைகள் வண்டியை இழப்பார்கள். 2009 கற்றுத் தந்த பாடம் அது. தோட்டப்புறத்தில் பேருந்து மணிக்கணக்கில் வராத இடங்களில் 25 வயதுச் சாகாவே பிள்ளையைப் பள்ளிக்கும் அம்மாவை மருத்துவமனைக்கும் கொண்டு போகிறது. ஆகவே விருப்பத்தின் பேரில் என்ற வழி சரியானதே. இன்னொரு பக்கமும் இருக்கிறது. புகை கக்கும், பிரேக் பிடிக்காத, சாலையோரம் கைவிடப்பட்டுக் கொசு முட்டையிடும் வண்டிகள் போக வேண்டியவைதாம். பட்டறையில் வடியும் பழைய என்ஜின் எண்ணெய், 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். அழிப்புத் திட்டத்தை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தத் திட்டத்தில் கழற்றப்படும் பாகங்கள் எங்கே போகின்றன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஜப்பானின் வாகன மறுசுழற்சிச் சட்டம் 2005-இல் நடப்புக்கு வந்தது. வாகன அழிப்பும் நல்ல பாகங்களின் மறுவிற்பனையும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாகவே நடக்கின்றன. நம் நாட்டிலும் அழிப்பு மையத்தில் கழற்றும் நல்ல என்ஜின், கதவு, கண்ணாடி ஆகியவை எந்த வாகனத்திலிருந்து வந்தன என்ற பதிவோடு விற்பனைக்கு வந்தால், இரு பக்கமும் நன்மை. கார் புதுப்பிப்பவருக்குச் சுத்தமான பாகம் கிடைக்கும். திருட்டுப் பாகத்துக்குச் சந்தை குறையும். எல்லாவற்றையும் நசுக்கி இரும்பு எடைக்குப் போட்டால், இரண்டும் நடக்காது.

மற்ற நாடுகள் அரிய பழைய கார்களுக்குத் தனிப் பாதை வகுத்திருக்கின்றன. சிங்கப்பூரில் 35 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குத் தனிப் பதிவுத் திட்டம் உண்டு. ஓட்டும் நாள்களுக்கு வரம்பு, செலவு குறைவு. இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குத் தனி எண் பலகை. இங்கிலாந்தில் 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குச் சாலை வரியே இல்லை. சத்ரியா அந்த வயதை எட்ட இன்னும் பத்தாண்டு ஆகும். அதுவரை எத்தனை மிஞ்சும் என்பதை இன்றைய முடிவுகள் தீர்மானிக்கும்.

கைக்கும் ஒரு பத்திரம் வேண்டும்

காருக்குக் காகிதம் கேட்கும்போது, அதைச் சீர்செய்யும் கைகளுக்கும் காகிதம் கேட்க வேண்டியிருக்கிறது. எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணன் ஒருவரின் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, பத்து ஆண்டுகளில் ஒலியைக் கேட்டே என்ஜின் கோளாறைச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 4ஜி93 என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரியும். கையில் சான்றிதழ் இல்லை. அதனால் ஆலையில் வேலைக்குப் போனால் உதவியாளர் சம்பளம். வங்கியில் கடன் கேட்டால் தயக்கம். மின்சாரக் கார் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் தகுதி இல்லை.

இவர்கள் மறுபடியும் பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, 'பிபிதி' என்ற வழியை வைத்திருக்கிறது. முன்பே பெற்ற அனுபவத்தை அங்கீகரிப்பது என்பது அதன் பொருள். செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டினால், எஸ்கேஎம் சான்றிதழ் பெறலாம். ஒரு பழைய சத்ரியாவைத் துருவிலிருந்து சாலை வரைக்கும் கொண்டு வந்த வேலையின் படங்கள், பாக ரசீதுகள், சோதனை முடிவுகள் ஆகியவையே அந்தக் கோப்புக்குச் சான்றாகும். காருக்காகச் சேர்த்த அதே காகிதங்கள் கைக்கும் உதவும்.

முழுநேரமாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கூலிமில் அட்டெக் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது. இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அதில் ஒரு சிறு பங்கை, பட்டறையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களைப் பிபிதி வழியில் சான்றிதழ் பெற வைப்பதற்குச் செலவிடலாம். மாணவரைத் தேடி அலைய வேண்டாம். அவர்கள் எண்ணெய்க் கறையோடு நம் ஊர் முச்சந்தியிலேயே இருக்கிறார்கள். ஊர் ஆலயமும் இளைஞர் மன்றமும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இந்த விண்ணப்பத்தை விளக்கும் கூட்டம் நடத்தினால் அதுவே நல்ல தொடக்கம்.

வாங்கும் முன்

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள், பாகத்தைத் தேடுவதற்கு முன் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். கிரானில் இருக்கும் சேசி எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று நேரில் பாருங்கள். வெல்டிங் தடமோ எழுத்து வடிவில் மாற்றமோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றச் சோதனையை முடிக்கச் சொல்லுங்கள். என்ஜின் மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்கான அனுமதிக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று ஜேபிஜே முகப்பில் முதலில் கேளுங்கள். என்ஜினை அதன் பிறகு வாங்கலாம். ஒவ்வொரு ரசீதும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

எண் பொருந்தாத, துரு தரைத் தகட்டைத் தின்றுவிட்ட காருக்கு 4,000 ரிங்கிட் நல்ல விலை. மனசு கேட்காவிட்டாலும் கொடுத்துவிடலாம். எண் சுத்தமாக இருக்கும், உடல் நேராக நிற்கும் அசல் ஜிடிஐ ஒன்று உங்கள் வீட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தால், அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். அது அழிந்தால் இன்னொன்றை எந்த ஆலையும் செய்து தரப் போவதில்லை.